யாருக்கும் சொந்தமில்லாத ரயில்

என் அண்ணன் இன்ஜின் டிரைவராக இருந்தார். விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் நடுவே ஓடிய மீட்டர்கேஜ் பாசஞ்சர் வண்டிகள்தான் அவருக்கு. எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் ரயில்வே ஆஸ்பத்திரிக்கு வழக்கமான கண் பரிசோதனைக்குப் போனார். நிறம் பிரித்துப் பார்ப்பதில் கோளாறு என்று எழுதிக் கொடுத்து, அன்றோடு அவரை இன்ஜினிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஷெட் ஆபீசில் ரிஜிஸ்டர் எழுதும் வேலை கொடுத்தார்கள். எட்டு மாதம் எழுதினார். பிறகு ராஜினாமா செய்துவிட்டு, ஒரு இரும்புப் பெட்டியோடு திருவண்ணாமலைக்கு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. என் புருஷன் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. தேரடித் தெருவில் மாடியில் ஆறு மெஷின் போட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் அந்த மாடியில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டேஷன் பக்கமிருந்து விசில் கேட்டால், எந்த வண்டி, யார் ஓட்டுகிறார், எத்தனை நிமிஷம் லேட் என்று சொல்வார். கொஞ்ச நாளில் அதையும் சொல்வதை விட்டுவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்கமாட்டார். தனக்குக் கண் கோளாறு என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டுக்கொண்டார். ஊரில் எல்லோரும் சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்தார்கள்.

அப்போது அடி அண்ணாமலையைத் தாண்டி மேற்கே ஒரு கல்குவாரி மூடிக் கிடந்தது. குவாரியிலிருந்து செங்கம் ரோடு வரை கல் ஏற்றி வர, இரண்டு மைலுக்குச் சின்னத் தண்டவாளம் போட்டிருந்தார்கள். இடுப்புயர பாய்லர் வைத்த ஒரு குட்டி ஸ்டீம் இன்ஜினும் ஆறு திறந்த வண்டிகளும் கொட்டகையில் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்கள் அதைத் தேடிப் போய்ப் போட்டோ எடுப்பார்கள். ஓய்வு பெற்ற ஒரு ஹெட்மாஸ்டருக்கு அதைப் பார்த்துத்தான் யோசனை வந்தது. இதை ஓட்டினால் என்ன? ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியும் ஜனங்களை ஏற்றி, மலையைக் காட்டிக் கொண்டுவந்து விடலாமே.

மெட்ராசில் இருந்த, குவாரிக்குச் சொந்தக்காரக் குடும்பத்தை அவர் நாலைந்து தடவை போய்ப் பார்த்தார். அவர்கள் தண்டவாளம், இன்ஜின், வண்டி எல்லாவற்றையும் தானமாக எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார்கள். ஒரே நிபந்தனை, யாரும் இதில் சம்பாதிக்கக் கூடாது. நிலம் புறம்போக்கு. சர்க்கார் வருஷா வருஷம் அனுமதி புதுப்பித்துத் தரும். தனி மனிதருக்குத் தர முடியாது என்பதால் சங்கம் ஒன்று பதிவு செய்ய வேண்டியிருந்தது. விதிகளை டைப் அடிக்க ஹெட்மாஸ்டர் என்னிடம் வந்தார். அடித்துக் கொடுத்த கையோடு என்னையே செயலாளர் ஆக்கிவிட்டார்.

அந்த விதிகள் எனக்கு இன்னும் மனப்பாடம். சங்கத்தின் சொத்து எந்த உறுப்பினருக்கும் தனிப்பட்ட முறையில் உரியதல்ல. எந்த உறுப்பினரும் சங்கத்திடமிருந்து சம்பளமோ லாபப் பங்கோ பெறக் கூடாது. எல்லா முடிவும் செயற்குழுவில் கை தூக்கி எடுக்கப்படும். அடிக்கும்போது நல்ல விதிகளாகத்தான் தெரிந்தன.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றே சைக்கிள் எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனார். பொழுது சாயத் திரும்பி வந்தபோது முழங்கை வரை கரி. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் தடவை சோறு கேட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் கேட்டது அதுதான் முதல் முறை.

இன்ஜினை அவரும், பஸ் டிப்போவில் வேலை பார்த்த ஒரு ஃபிட்டரும் ஒரு வருஷம் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள். பாய்லரைச் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து தட்டிப் பார்த்து, தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்து, சர்டிபிகேட் கொடுத்தார். தண்டவாளம் மட்டும் யார் கைக்கும் அடங்காமல் கிடந்தது. அப்போதுதான் மேஸ்திரி வந்தார்.

அவர் அடி அண்ணாமலைக்காரர். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்கில் முப்பது வருஷம் இருந்து, மேஸ்திரியாக ரிடையர் ஆனவர். கொஞ்சம் நிலமும் இரண்டு மாடும் இருந்தன. யாரும் கூப்பிடவில்லை. ஒரு நாள் சுத்தியலோடு வந்து, தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் முதல் கட்டையிலிருந்து கடைசிக் கட்டை வரை தட்டிக்கொண்டே நடந்துவிட்டு, "பாதி கட்ட உளுத்துப் போச்சு. நா பாத்துக்கறேன்" என்றார். ஊரில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கட்டைகளை மாற்றினார்.

வண்டி விடும் ஒவ்வொரு நாளும் மேஸ்திரி விடியற்காலையில் இரண்டு மைலும் நடந்து பார்த்து, கொட்டகையில் இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் வண்டி நகரக் கூடாது. இது நான் டைப் அடித்த விதிகளில் ஒன்று. அண்ணன் டிரைவர். ஃபிட்டர் கரி போடுவார். நான் கடைசி வண்டியில் கார்டு. என் கையில் விசிலும் ஒரு கை பிரேக்கும். ஹெட்மாஸ்டர் சீட்டு கிழிப்பார். டிக்கெட் என்று சொல்லக் கூடாது, நன்கொடைச் சீட்டு. வருவது கரிக்கும் கட்டைக்கும் எண்ணெய்க்கும் போய்விடும்.

மேஸ்திரிக்கும் அண்ணனுக்கும் ஒத்துவராது. டிரைவர்கள் மேலே பார்த்துக்கொண்டு போகிறவர்கள் என்று மேஸ்திரிக்கு ஒரு குறை. "முப்பது வருசம் தண்டவாளத்தோரமா நின்னுருக்கேன் டீச்சர். ஒரு டிரைவராவது குனிஞ்சு பாத்து நல்லாருக்கியான்னு கேட்டதில்ல" என்பார். அண்ணன் சிரிப்பார். ஆனாலும் மத்தியானம் மேஸ்திரியின் வீட்டிலிருந்து வரும் கேழ்வரகுக் களியில் இவருக்கும் ஒரு உருண்டை இருக்கும்.

அனுமதி கேட்டு வருஷா வருஷம் அனுப்பும் படிவத்தில் ஓட்டுநர் விவரம் என்று ஒரு பத்தி உண்டு. அதில் "உடல் தகுதி, கண் பார்வை" என்று ஒரு வரி. பாய்லரைச் சோதிக்க ஆள் வந்தார்கள், ஓட்டுகிறவரைச் சோதிக்க யாரும் வரவில்லை. செயலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். முதல் வருஷம் அந்த வரிக்கு வந்ததும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் ஜன்னலோரம் இன்ஜின் பித்தளையைத் துடைக்கப் பழைய துணி கிழித்துக்கொண்டிருந்தார். இரண்டு மைல், சைக்கிள்காரன் கூட முந்திவிடும் வேகம், எதிரே வேறு வண்டி கிடையாது, சிக்னல் கிடையாது. "நல்ல நிலையில் உள்ளது" என்று அடித்தேன். அடுத்த மூன்று வருஷமும் யோசிக்காமல் அதையே அடித்தேன்.

நான்காம் வருஷம் ஐப்பசியில் மழை ஜாஸ்தி. பாதி வழியில் ஒரு ஓடையைத் தாண்டச் சின்னக் கல் பாலம் உண்டு. தண்ணீர் அதன் ஒரு பக்கத்துக் காலைக் கரைத்துவிட்டது. மேஸ்திரி வந்து செயற்குழுவில் சொன்னார். "ஒரு மாசம் நிறுத்துங்க. கல்லக் கெளப்பித் திருப்பிக் கட்டணும்."

கார்த்திகை தீபத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வருஷத்தில் நாங்கள் கரிக்கும் கட்டைக்கும் சேர்ப்பது அந்தப் பத்து நாள் கூட்டத்தில்தான். ஹெட்மாஸ்டர், "முட்டுக் குடுத்து நிறுத்த முடியாதா?" என்று கேட்டார்.

"முட்டுக் குடுக்கலாம். ஆனா எப்பவும் போற வேகத்துல போகக் கூடாது. பாலத்துக்கு முன்னாடி நின்னு, பாத்து, ஊர்ந்து போகணும்."

"அப்ப நின்னு போகட்டும்."

"எனக்கு நிறுத்தறதுதான் சரின்னு படுது சார்."

ஹெட்மாஸ்டர் கை தூக்கச் சொன்னார். ஒன்பது பேரில் ஆறு பேர் வண்டி ஓடட்டும் என்று தூக்கினோம். அதில் நானும் அண்ணனும் உண்டு. மேஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, எல்லாரும் சொல்லிட்டீங்க. நானே பாலத்தாண்ட நிக்கறேன். செவப்புக் காட்டுனா நிக்கணும். எறங்கிப் பாத்துட்டுப் பச்சை காட்டுவேன். அப்பறந்தான் வரணும்" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். நான் நோட்டில் தீர்மானத்தை எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது மட்டும் கேட்டேன்.

"கொடி தெரியுமாண்ணா?"

"கொடி ஆட்டற வாட்டமே வேற பாப்பா. பழகுன கண்ணு. தெரியும்."

திருவிழா தொடங்கி ஏழு நாள் ஒழுங்காக ஓடியது. மேஸ்திரி நிறுத்துவார், குனிந்து பார்ப்பார், விடுவார். பிறகு எனக்குப் புரிந்தது, காலையிலும் மத்தியானத்திலும் அண்ணன் நிறத்தைப் பார்த்து நிற்கவில்லை. மேஸ்திரி தண்டவாளத்தின் நடுவில் நின்றதைப் பார்த்து நின்றார்.

தேர் முடிந்த மறுநாள் கூட்டம் தாங்கவில்லை. மாலை நாலரைக்கு மேல் இன்னொரு நடை விடலாம் என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். அந்த நேரத்தில் வண்டி மேற்கே போகும்போது சூரியன் நேராக டிரைவரின் முகத்தில் அடிக்கும். மத்தியானம் தூறியதில் பாலத்தின் முட்டு நெகிழ்ந்திருந்தது போல. மேஸ்திரி அதைச் சரி பார்க்க ஓடைக்குள் இறங்கியிருந்தார். எங்கள் சத்தம் கேட்டதும், அங்கிருந்தே, பாலத்துக்குப் பக்கவாட்டில், கரைச் சரிவில் நின்றபடி கொடியைத் தூக்கினார்.

அந்த இடத்தில் தண்டவாளம் வலது பக்கம் வளையும். கடைசி வண்டியிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. சிவப்புக் கொடி. கையை முழுக்க நீட்டி ஆட்டினார். ஃபிட்டர் கரி போடக் குனிந்திருந்தார், வண்டி வேகம் குறையவில்லை. அண்ணன் ஒரு சின்ன விசில் கொடுத்தார், பச்சைக் கொடியைப் பார்த்தால் கொடுக்கும் விசில். நான் என் விசிலை ஊதினேன். கை பிரேக்கைச் சுற்றினேன். மேஸ்திரி ஓடியிருக்கலாம், அவருக்கு நேரம் இருந்தது. கடைசி வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இன்ஜின் தாண்டிவிட்டது. இரண்டாவது வண்டி ஏறும்போது பாலத்தின் கால் உட்கார்ந்தது. அந்த வண்டி அவர் நின்ற பக்கமாகச் சாய்ந்து ஓடைக்குள் விழுந்தது. அதில் இருந்தவர்களுக்குக் கை கால் உடைந்தது. இரண்டு பேரை வேலூருக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டார்கள். மேஸ்திரி வண்டிக்கு அடியில் இருந்தார். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தூக்கினோம். தூக்கும்போதே தெரிந்துவிட்டது. அவர் இடுப்பில் செருகியிருந்த பச்சைக் கொடியும், கையிலிருந்த சிவப்புக் கொடியும் அந்தச் சேற்றில் ஒன்றாகக் கிடந்தன.

அண்ணன் ஓடி வந்தார். "பச்சதானே காட்டுன? பச்சதானே?" என்று மேஸ்திரியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "இந்த ரயிலுக்கு ஓனர் யாரு?"

"சங்கம் சார்."

"சங்கம்னா? ஆளச் சொல்லும்மா."

எல்லோருக்கும் பொது, யாருக்கும் சொந்தமில்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்ப செத்தவனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். பிறகு கொடியைப் பற்றிக் கேட்டார். நான் கூட்டத்தில் கவனிக்கவில்லை, பார்க்கவில்லை என்றேன்.

அண்ணன் மேல் வழக்குப் போட்டு, ஜாமீனில் விட்டார்கள். அவர் சொன்னது ஒன்றேதான். மேஸ்திரி பச்சை காட்டினார், நான் போனேன். ஹெட்மாஸ்டர் பார்த்த வக்கீல், இதையே பிடித்துக்கொள்ளலாம் என்றார். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "ரெண்டு கொடியும் அங்கதான் கெடந்துது. எதக் காட்டினார்னு யாருக்குத் தெரியும்? போனவருக்கு இனிமே என்னம்மா ஆகப்போவுது. இருக்கறவரப் பாக்கணும்." அவர் கெட்டவர் இல்லை. அந்த வாரம் முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

நான் அண்ணனிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் தினமும் அந்த ஒரு நொடியைப் பற்றியே பேசினார். "என்னாத்துக்குப் பச்ச காட்டுனாரு? முட்டு நல்லாருக்குன்னு நெனச்சுட்டாரா?" நான் தட்டைக் கழுவிக்கொண்டிருப்பேன்.

கோர்ட்டுக்கு ஒரு மாதம் முன்பு மேஸ்திரியின் மனைவி இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தார். சர்க்காருக்கு ஒரு மனு அடிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த டைப்பிஸ்ட் நான்தான். மெஷின்களுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து, புருஷன் பெயர், வயது, செத்த நாள் எல்லாம் சொன்னார். நான் அடித்தேன். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் "செயலாளர்" என்று போட்டு, எங்கள் சங்கத்தின் முகவரியாக என் வீட்டு முகவரியை அடித்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர்" என்றார். "எம் பையனுங்ககிட்ட, உங்கப்பன் தப்புக் கொடி காட்டித்தான் செத்தான்னு ஊர்ல சொல்றாங்க. மழையில காய்ச்சலோட போனாருங்க அன்னிக்கி. தடுமாறிட்டாரோ என்னவோ. நீங்க வண்டியிலதான இருந்தீங்க. நெசமாவா?"

"செவப்பு" என்றேன். "செவப்புதான் காட்டினாரு. கடைசி வரைக்கும்."

அவர் அழவில்லை. எழுந்து முந்தானையால் ஸ்டூலைத் துடைத்தார், உட்கார்ந்த இடத்தில் வியர்வை ஈரம் பட்டுவிட்டதோ என்று. "அத அங்க வந்து சொல்லுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனார்.

கோர்ட்டில் சொன்னேன். கொடியின் நிறத்தைச் சொன்னேன். ரயில்வே அண்ணனை ஏன் இறக்கியது என்று சொன்னேன். நான்கு வருஷமும் அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டது நான் என்றும் சொன்னேன். மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டார். என் மேல் வழக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே புளியமரத்தடியில் அண்ணன் என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நெசமாவே செவப்பா பாப்பா?"

"ஆமாண்ணா."

அவர் அங்கேயே, மண்ணில், சட்டை வேட்டியோடு உட்கார்ந்துவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆறு மாதமும் அவர் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி மேல் அவருக்கு ஒரு கோபம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடினார். நான் முதல் நாளே வீட்டில் சொல்லியிருந்தால், அவர் தானாகவே போய் ஒப்புக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோர்ட் வாசலில், ஊர் பார்க்க, தங்கை வாயால் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் தண்டனை. அப்பீல் வேண்டாம் என்றுவிட்டார். வேலூர் ஜெயிலுக்கு மாதம் ஒரு முறை போனேன். பழத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

சங்கத்தைக் கலைக்க நினைத்தோம். கலைத்தால் சொத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது, இதே நோக்கமுள்ள வேறு சங்கத்துக்குத் தர வேண்டும் என்பது விதி. அப்படி ஒரு சங்கம் எங்கும் இல்லை. மேஸ்திரியின் மனைவிக்குக் கொடுக்கலாம் என்று சங்கப் பதிவு ஆபீசுக்கு எழுதினேன். தானப் பத்திரத்தின் நிபந்தனை இடம் தராது என்று பதில் வந்தது. அவருடைய மனுவும் வேலூர் கலெக்டர் ஆபீஸ் வரை போய், "சம்பந்தப்பட்ட சங்கத்தை அணுகவும்" என்ற குறிப்போடு அவருக்கே திரும்பியது. அவர் அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தார். நில அனுமதி அந்த வருஷமே காலாவதி ஆனது. தண்டவாளம் துண்டு துண்டாகக் காணாமல் போயிற்று. ஹெட்மாஸ்டர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இன்ஜினைச் சில வருஷம் கழித்துச் சர்க்காரே பழைய இரும்பாக ஏலம் விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன், பார்க்கப் போகவில்லை.

மேஸ்திரியின் மனைவிக்குச் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை கிடைத்தது. அதற்கான விண்ணப்பத்தையும் நான்தான் அடித்தேன்.

அண்ணன் ஜெயிலிலிருந்து வந்து நான்கு வருஷம் இருந்தார். சர்க்கரை வியாதியில் போய்ச் சேர்ந்தார். அந்த நான்கு வருஷத்தில் வீட்டை விட்டு வெளியே போனது கம்மி. போனாலும் எங்கே போனார் என்று சொல்லமாட்டார், நானும் கேட்கமாட்டேன். அவர் காரியம் முடிந்த பிறகு மேஸ்திரியின் மனைவி துக்கம் கேட்க வந்தார். வாசலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து சொன்னார்.

"ஒரு தடவ எங்க வீட்டுக்கு வந்தாருங்க உங்கண்ணன். ஜெயில்லர்ந்து வந்த புதுசு. வெயில்ல நடந்தே வந்துட்டாரு. வாசல்ல நின்னுனே இருந்தாரு. சின்னவன் சொம்புல தண்ணி எடுத்தாந்து குடுத்தான். குடிச்சாரு. போய்ட்டாரு."

எனக்கு அது அதுவரை தெரியாது. அவர் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போனார்.